பழசின் மேலேயே எழுதும் கார்டு

இந்தக் கதையில் மழை பெய்ததா இல்லையா என்பது எனக்கு உறுதியாகத் தெரியாது. அக்கா சொல்லும்போது, மெமரி கார்டு வாங்கப் போன அன்று நல்ல மழை. தங்கச்சி சொல்லும்போது மண்டையைப் பிளக்கும் வெயில். இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பலமுறை கேட்டு, கேட்டதையெல்லாம் என் போக்கில் கலந்து வைத்திருக்கிறேன். எது யார் சொன்னது, எது நானாகச் சேர்த்துக்கொண்டது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. அந்தக் கார்டையே போட்டுப் பார்த்துவிடலாமே என்பீர்கள். அதில்தான் வில்லங்கமே இருக்கிறது.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் வேலை. கர்ப்பிணிகள் வரிசையாக வந்து படுப்பார்கள். வயிற்றில் ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து அழுத்தி, திரையில் தெரியும் சாம்பல் நிற நிழல்களை அளந்து படமெடுத்து டாக்டருக்கு அனுப்ப வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. நல்லதோ கெட்டதோ டாக்டர்தான் சொல்லுவார். இத்தனை வருஷத்தில் அக்கா தன் முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள். படுத்திருப்பவர்கள் திரையைப் பார்ப்பதில்லை, இவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் வந்து படுத்தது அவள் தங்கச்சி. கல்யாணமாகி வெகுநாள் கழித்து நாள் தள்ளிப் போயிருந்தது. கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் நடுக்கடலில் இருந்தான். துறைமுகம் வந்தால்தான் போன்.

"வேற யாரையாவது எடுக்கச் சொல்லட்டுமா?" என்று அக்கா கேட்டாள்.

"ஏன், நீ எடுத்தா கரண்ட் அடிக்குமா? எடு."

எடுத்தாள். கருப்பை தெரிந்தது. அதற்குள் கறுப்பாக ஒரு சின்னக் குளம். குளத்தின் ஓரத்தில் அரிசிமணி மாதிரி ஒன்று. அந்த மணிக்குள் ஒரு துடிப்பு இருக்க வேண்டும். சரியாக அணையாத திரியைப் போல மினுக் மினுக்கென்று. அக்கா கருவியைச் சாய்த்தாள், அழுத்தினாள், பெரிதாக்கினாள். மணி சும்மா இருந்தது.

அவள் முகம் சுவராகத்தான் இருந்தது. அதனாலேயே தங்கச்சிக்குத் தெரிந்துவிட்டது.

"உன் மூஞ்சியை எனக்குத் தெரியாதாக்கா? இந்த மூஞ்சியை வீட்ல நீ ஒரு நாள்கூட வெச்சதில்லையே."

டாக்டர் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நாள் கணக்கு முன்னே பின்னே இருக்கலாம், இன்னும் ஆரம்பிக்காமலும் இருக்கலாம், ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்றார். "இருக்கலாம்" என்ற சொல்லை அவர் எத்தனை முறை சொன்னார் என்று தங்கச்சி பஸ்ஸில் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டே வந்தாள். அந்த ஒரு வாரமும் அக்கா வீட்டிலேயே இருப்பதாக முடிவாயிற்று.

அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள பெரிய கட்டடங்களிலெல்லாம் ஏறி இறங்குவது பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் மீன் தொட்டிதான் உலகம். தொட்டியில் விரலில் பாதி நீளம்கூட இல்லாத வெள்ளி நிற மீன்கள். அவற்றைப் படம் எடுப்பதற்கென்றே ஒரு பழைய காமிராவும் அதற்கு ஒரு லென்ஸும் வாங்கி வைத்திருந்தார். "குழந்தைங்க இல்லாத வீட்ல மீனுக்குப் படமா எடுத்துத் தள்ளுறாரு" என்று அக்கா வேலையிடத்தில் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் அடுத்த ஆளைக் கூப்பிட எழுந்துவிடுவாள்.

மறுநாள் காலை அவர் தொட்டிப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். "மச்சினிச்சி, இங்க வா. மகாராணி நகை போட்டுக்கிட்டு உலாத்துறா பாரு."

ஒரு பெண் மீனின் வயிற்றடியில் கண்ணாடி மணிகள் கொத்தாகத் தொங்கின. முட்டைகள். சற்று முன்புதான் இட்டிருக்கும் என்றார். மெல்லிய வலையால் ஒதுக்கி, ஒரே ஒரு முட்டையை எடுத்து, ஊறுகாய் பாட்டிலின் மூடியில் தண்ணீர் ஊற்றி அதில் விட்டார். காமிராவை அதன் மேல் தலைகீழாக நிறுத்தி, வயரை டிவியில் செருகினார்.

டிவியில் ஒரு நிலா எழுந்தது.

உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது என்பாள் அக்கா. நாற்பது வயதுவரை தினமும் மனிதர்களின் உள்ளே பார்த்தவள், ஒரு மீன் முட்டையைப் பார்த்து வாயடைத்துப்போனாள். ஆஸ்பத்திரித் திரையில் எல்லாம் நிழல். இங்கே நிழலே இல்லை. ஒரு மறைப்பும் இல்லாத கண்ணாடி உருண்டை, உள்ளே எண்ணெய்த் துளிகள் பொன் நிறத்தில் மிதக்க, உச்சியில் மட்டும் மெல்லிய ஒரு தொப்பி. அந்தத் தொப்பிதான் மீனாகப் போகிறது என்றார் வீட்டுக்காரர்.

தங்கச்சி டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு, "மாமா, இதுக்கு எப்ப துடிக்க ஆரம்பிக்கும்?" என்றாள்.

"ரெண்டு நாள், மூணு நாள் ஆகும். அதுக்கென்ன, கேலண்டர் பார்த்தா ஆரம்பிக்கும்?"

"அதை நான் பார்க்கணும்."

"துடிக்கிறதைத்தானே? பார்க்கலாம், நல்லாவே தெரியும்."

"துடிக்கிறதை இல்ல மாமா. ஆரம்பிக்கிறதை."

அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். தங்கச்சி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "இப்ப அதுல ஒண்ணும் இல்ல. சும்மா கிடக்கு. சும்மா கிடக்கிறது சும்மாவே கிடக்காம திடீர்னு அடிக்க ஆரம்பிக்கும்னு நீங்க எல்லாரும் சொல்றீங்க. அதை ஒரே ஒரு தடவை என் கண்ணால பார்த்துட்டா, இந்த வாரத்தை நான் ஓட்டிடுவேன்."

உயிர் பிடிக்காத முட்டைகள் வெள்ளையாகிப் பஞ்சு பூத்துப்போவதை அக்கா அந்தத் தொட்டியில் பார்த்திருக்கிறாள். அடுப்படியில் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, பத்து முட்டையா எடுத்து வைங்களேன், ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும்" என்றாள் தணிந்த குரலில்.

ஹாலிலிருந்து பதில் வந்தது. "எனக்குக் காது நல்லாவே கேக்கும். ஒண்ணு போதும். இங்கயும் ஒண்ணுதான் இருக்கு."

வீட்டுக்காரர் அந்த ஒரு முட்டையோடு நிறுத்திக்கொண்டார்.

அக்காவுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் பார்த்த இதயங்களுக்குக் கணக்கே இல்லை. ஒன்றுகூட அவள் கண் முன்னால் தொடங்கியதில்லை. எல்லாம் அவள் வரும் முன்பே ஓடிக்கொண்டிருந்தவை. படம் தொடங்கிப் பாதியில் தியேட்டருக்குள் நுழைகிற ஆளாகவே அவள் காலம் கழிந்திருந்தது. தங்கச்சி கேட்டதைத் தான் ஏன் ஒருநாளும் கேட்கவில்லை என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

யாரும் இமை மூடாமல் உட்கார்ந்திருக்க முடியாது, காமிராதான் விழித்திருக்க வேண்டும் என்றார் வீட்டுக்காரர். ஆனால் காமிராவில் இருந்த பழைய கார்டு, படம் எடுத்தால் எடுக்கும்; வீடியோ போட்டால் கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டி நின்றுவிடும். ஆகவே அக்காவும் தங்கச்சியும் காமிராவைப் பையில் போட்டுக்கொண்டு புது கார்டு வாங்கக் கிளம்பினார்கள். மழையோ வெயிலோ, கடைக்குள் நுழையும்போது இரண்டு பேரின் முகமும் நனைந்திருந்தது. அதில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறார்கள்.

குறுகலான கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய லென்ஸ்கள் ஒரே திசையைப் பார்த்தபடி அடுக்கியிருந்தன. கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"வாங்கம்மா. மெமரி கார்டா? என்ன, வீட்ல விசேஷமா?"

நாம் தினமும் கேட்கிற கேள்விதான். விருந்துக்கும் அதே சொல், வயிற்றில் வளர்வதற்கும் அதே சொல். அக்கா பதறிப்போய்த் தங்கச்சியைப் பார்த்தாள். தங்கச்சி கடைக்காரரைப் பார்த்து, "இன்னும் தெரியலைங்க" என்றாள்.

அவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு, ஒரு கார்டை எடுத்து வைத்தார். "இதைக் கொண்டு போங்க. ராக்கெட்டும்மா. நம்பரைப் பாருங்க, எவ்வளவு பெரிசா போட்டிருக்கான்."

தங்கச்சி லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் பிழை பார்க்கிறவள். பாட்டில், பாக்கெட், மருந்து அட்டை என்று ஊரில் விற்கும் பாதிப் பொருளின் முகம் அவள் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகும். கார்டு அட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எழுதுற வேகமா, படிக்கிற வேகமா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"பின்னாடி வேற போட்டிருக்கே. பெரிய நம்பர் படிக்கிறதுக்கு. எழுதுறது இதுல பாதிகூட இல்ல. அதுவும் 'வரை'ன்னு போட்டிருக்கு."

"'வரை'தானே? அதனால என்ன?"

"எங்க பிரஸ்ல முன்னாடி பெரிசா மாம்பழச் சாறுன்னு போடுவோம். பின்னாடி எறும்பு சைஸ்ல மாம்பழம் எவ்வளவு இருக்குன்னு போடுவோம். 'வரை'ங்கறது எறும்பு சைஸ் வார்த்தைங்க. ஒரு தடவை அந்த வேகத்துக்குப் போயிருக்கும், அவ்வளவுதான்."

கடைக்காரர் அக்காவிடம், "இவங்களைக் கூட்டிட்டுப் போய்த்தான் நீங்க காய்கறிகூட வாங்குவீங்களா?" என்றார்.

"காய்கறிக்காரர் எங்களைப் பார்த்தாலே கடையைச் சாத்திடுவாருங்க."

சிரிப்பு அடங்கியது. தங்கச்சி வேறொரு கார்டை எடுத்திருந்தாள். அதில் பெரிய எண் எதுவும் இல்லை. ஓரத்தில் 'வி' என்ற சின்ன ஆங்கில எழுத்தும், ஒட்டினாற்போல் ஓர் எண்ணும். "இது என்ன?"

"அதுவா? வீடியோ எடுக்கும்போது வேகம் அந்த நம்பருக்குக் கீழ இறங்காதுன்னு கம்பெனிக்காரன் குடுக்கிற வாக்கு. அதையெல்லாம் யாரும்மா பார்க்கிறா? எல்லாரும் எவ்வளவு மேல போகும்னுதான் கேப்பாங்க."

"எனக்கு எவ்வளவு கீழ போகாதுன்னுதான் தெரியணும்" என்றாள் தங்கச்சி.

அந்த வாக்கியம் அக்காவின் மனதில் அப்படியே தங்கிவிட்டது.

சிக்கல் என்னவென்றால், அந்த வாக்கு உள்ள கார்டில் சின்னது மட்டும்தான் கடையில் இருந்தது. பெரியது வேண்டுமானால் ராக்கெட்தான். நிறையக் கொள்ளும், ஆனால் நடுவில் திணறுமா திணறாதா என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். கடைக்காரர் காமிராவை வாங்கி மெனுவைத் துழாவினார். "கவலையே படாதீங்க. இதுல சுழற்சிப் பதிவு இருக்கு. சின்ன கார்டே போதும். ரொம்பினா நிக்காது, பழசை அழிச்சு அது மேலேயே எழுதிக்கிட்டுச் சுத்தும். எப்பவும் கடைசியா ஒரு சினிமா நேரம் கையில இருக்கும். நீங்க எதிர்பார்க்கிறது நடந்ததைக் கண்டதும் நிறுத்திட்டுப் பின்னால ஓட்டினா, தொடக்கம் அப்படியே உக்காந்திருக்கும். நிறுத்த மட்டும் மறந்துடாதீங்க. மறந்தா அதையும் தின்னுட்டுப் போயிடும்."

"மறப்போமா?" என்றாள் அக்கா.

நகத்தளவு கார்டு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தங்கச்சி அதை உள்ளங்கையில் மூடி வைத்திருந்தாள். இதற்குள் ஒரு சினிமா நேரம் இருக்கும் என்பதை நம்பவே முடியவில்லை என்றாள். "ஒரு சினிமா நேரம் ஞாபகம், அப்புறம் மறதி. எங்க மேனேஜர் மாதிரி."

அன்றிலிருந்து முட்டை டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது. முறை வைத்துப் பார்த்தார்கள். தொப்பி பரவி உருண்டையைப் போர்த்தியது. பிறகு அதன் மேல் பென்சில் கீறல் மாதிரி ஒரு கோடு. கோட்டின் ஒரு முனை தடித்து, அதன் இரு பக்கமும் இரண்டு புடைப்புகள். "கண்ணு" என்றார் வீட்டுக்காரர், குரலைத் தாழ்த்தி, ஏதோ தூங்குகிற குழந்தை பக்கத்தில் இருப்பதுபோல. இன்னும் எதையும் பார்க்காத கண்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த வீட்டில் டிவி சத்தமில்லாமல் அத்தனை நேரம் ஓடியது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுக்காரரை எங்கோ நடுவழியில் நின்றுபோன ஒரு லிஃப்டுக்கு அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள். அக்கா மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். தங்கச்சி பல் விளக்கப் போனவள், வாயில் நுரையோடு திரும்பி வந்து டிவியைப் பார்த்து நின்றாள். நுரை வழிந்தது. கூப்பிட வாய் வரவில்லை. பிரஷ்ஷால் ஜன்னல் கம்பியைத் தட்டினாள்.

அக்கா ஈரத்துணியோடு ஓடி வந்தாள்.

தலைக்குக் கீழே, பொன் துளிகளுக்கு மேலே, நிறமே இல்லாத ஒரு சின்னக் குழல். யாரோ நூலைச் சுண்டிவிட்டதுபோல அது அசைந்தது. நின்றது. இனி இல்லையோ என்று தோன்றும் அளவுக்கு நின்றது. மறுபடி சுண்டியது.

உள்ளே ரத்தமே இன்னும் இல்லை. ஓட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல், யாரும் கேட்காமல், அது பாட்டுக்கு அடித்துக்கொண்டது. ஆள் வரும் முன்பே கடையைத் திறந்து கூட்டிப் பெருக்குகிறவனைப் போல.

அக்காவின் கையிலிருந்த துணி தரையில் சொட்டியது. வேலையில் ஓர் இதயத்துக்கு அவள் கொடுப்பது சில நொடிகள். எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு அடுத்த ஆள். இப்போதோ அவசரம் இல்லை, வரிசை இல்லை, முகத்தைச் சுவராக்க வேண்டியதில்லை. தரையிலேயே உட்கார்ந்தாள். தங்கச்சி அவள் தோளில் சாய்ந்தாள். துடிப்புகளுக்கு நடுவே இருந்த நீண்ட இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குவதை இருவரும் பார்த்தார்கள். தயங்கித் தயங்கி அடித்தது தாளத்துக்கு வந்தது. தாளம் பிடித்த பிறகு விடவே இல்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து அணைந்த வாசனை வந்தது. யாரும் எழவில்லை. பேசவும் இல்லை. பேசினால் அது நின்றுவிடும் என்று இரண்டு பேருக்குமே தோன்றியிருக்கிறது. அதைப் பின்னால்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

வீட்டுக்காரர் கிரீஸ் கையோடு வந்து சேர்ந்தபோது வெயில் ஜன்னலைத் தாண்டி டிவி வரை வந்திருந்தது. பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"எப்ப நிறுத்தினீங்க?"

"எதை?"

"பதிவை."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காமிராவின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அவர் பாய்ந்து போய் நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். ஓட்டிக்கொண்டே போனார். கார்டில் மிச்சமிருந்த முதல் நொடியிலேயே இதயம் நல்ல தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு முந்தியதெல்லாம் போய்விட்டது. அவர்கள் வாய் பிளந்து உட்கார்ந்திருந்த நேரம், அந்தக் கார்டின் ஞாபகத்தைவிட நீளமாக இருந்திருக்கிறது.

அக்காவுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. ஒரே ஒரு பொத்தான். அதை அழுத்தக்கூட நினைவில்லாமல் போயிற்றே. இவள் இந்த ஒரு வாரத்தைத் தள்ளுவதற்குக் கேட்டதே இதைத்தானே. "நான்தான்டி, நான்தான் மறந்துட்டேன்" என்றாள். "இன்னொரு முட்டையை எடுங்கங்க, மறுபடி..."

தங்கச்சியின் வாயோரத்தில் பற்பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அக்கா அவள் முகத்தைத் திருப்பினால், சிரித்துக்கொண்டிருந்தாள்.

"விடுக்கா. நான் பல் விளக்கப் போனப்ப ஒண்ணும் இல்ல. வந்தப்ப இருந்துச்சு. யாரும் பார்க்கலை. யாரும் பார்க்கணும்னு அது காத்திருக்கவும் இல்ல."

"நீ ஆரம்பிக்கிறதைப் பார்க்கணும்னு சொன்னியே."

"சொன்னேன். இப்ப வேணாம்." அவள் கை தன்னையறியாமல் வயிற்றுக்குப் போனது. "அதுவா ஆரம்பிக்கணும்னா ஆரம்பிச்சுக்கும். நம்ம யாரையும் கேக்காது. நாம குறுகுறுன்னு பார்த்துக்கிட்டு இருந்தா அதுக்குக் கூச்சமா இருக்குமோ என்னவோ."

மிச்ச நாட்களை அவள் எப்படியோ ஓட்டினாள். இரண்டு முறை அழுதாள். நிறையத் தூங்கினாள். முட்டைக்குள் ரத்தம் சிவந்து வட்டமடிப்பதைப் பார்க்க அக்கா கூப்பிட்டபோது வந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவளைவிட அக்காதான் அந்த டிவி முன்னால் கிடந்தாள்.

வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "நீயே பாரு. ஆனா அந்தச் சுவர் மூஞ்சியோட வராதே" என்றாள் தங்கச்சி.

அக்கா ஜெல்லைத் தடவினாள். கறுப்புக் குளம் வந்தது. ஓரத்தில் மணி, முன்பைவிடச் சற்றே பெரிதாக. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கருவியை மயிரிழை சாய்த்தாள்.

மினுக். மினுக். மினுக்.

தங்கச்சி திரையைப் பார்க்கவே இல்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே எல்லாம் தெரிந்தது. ஆஸ்பத்திரி விதி, வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. அக்கா வாயைத் திறக்கவில்லை. கண்ணீர் தாடையில் வழிந்து மேஜையில் விழுந்தது. வெளியே அடுத்த ஆள் காத்திருந்தும் அவள் கருவியை எடுக்கவில்லை.

"எப்ப ஆரம்பிச்சிருக்கும்கா?" என்று தங்கச்சி கிசுகிசுத்தாள்.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "தெரியலைடி. பழசு மேலேயே எழுதிடுச்சு."

திரும்பும் வழியில் காமிராக் கடை வாசலில் தங்கச்சி பஸ்ஸை விட்டு இறங்கினாள். உள்ளே எட்டிப் பார்த்து, "விசேஷம்தாங்க!" என்று கத்திவிட்டு வந்தாள். கடைக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி, யார் இது, எதைச் சொல்கிறாள் என்று விளங்காமலே சிரித்துக் கையசைத்தார்.

தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறது. ஓர் இடத்தில் நிற்பதில்லை. தங்கச்சி புருஷன் கப்பலை விட்டுவிட்டுக் கரையில் ஒரு பட்டறையில் சேர்ந்துகொண்டான். தங்கச்சி அதே பிரஸ்ஸில் எறும்பு எழுத்துகளைப் படிக்கிறாள். அந்த முட்டை பொரிந்தது. மீன் இரண்டு வருஷம்போல இருந்து, ஒரு காலையில் மிதந்தது. கடைக்காரர் அதே இடத்தில் இப்போது போன் உறைகள் விற்கிறார். கார்டு, வீட்டுக்காரரின் வண்டியில் முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சின்னக் காமிராவில், தினமும் சாலையின் மேல் சாலையாக எழுதிக்கொண்டிருக்கிறது. அக்கா அதே அறையில் ஸ்கேன் எடுக்கிறாள். ஒவ்வோர் இதயத்திடமும் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறாள் என்று அவள் மேல் ஒரு புகார் உண்டு.